கத்திக்குப் பின்னால் ஒரு தகடு



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் நம் வீடுகளில் கத்தியின் நினைவு வருகிறது. சென்ற வருடம் உழ்ஹிய்யாவுக்குப் பாவித்த கத்தி குசினி மூலையில் கிடக்கும். இடையில் நீங்கள் அதனால் மீன் வெட்டியிருப்பீர்கள். அவசரத்துக்குச் சிரட்டையைக்கூடத் தட்டியிருப்பீர்கள். அதைக் கடதாசியில் சுற்றிக் கணவரிடமோ மகனிடமோ கொடுத்து, "பட்டறையில் தீட்டிக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிடுவீர்கள். திரும்பி வரும் கத்தி பளபளவென்றிருக்கும். ஆனால், அது வெட்டுகிறதா?

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். களுவாஞ்சிகுடியில் இருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் போனால் வெல்லாவெளி. வயல்களின் ஊர். தாக்கத்தியும் காட்டுக்கத்தியும் மண்வெட்டியும் இல்லாமல் அங்கே ஒரு போகம் விளையாது. அந்தப் பக்கம் போன ஒரு நாளில், வழியில் இருந்த ஒரு பட்டறையில் என் கத்தியைக் கொடுத்தேன். பழைய சாணைச் சக்கரத்துக்குப் பதிலாக அங்கே பட்டி ஓடும் மெஷின் இருந்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கத்தியில் முகம் பார்க்கலாம் போல் இருந்தது. வீட்டில் மனைவி தக்காளியை வெட்டப் போனார். தோலில் வழுக்கிய கத்தி அவருடைய விரலில் ஏறியது. "இதையா ஆட்டின் கழுத்தில் வைக்கப் போகிறீங்க?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அறுக்கிறவர் தம் கத்தியைக் கூராக்கிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸை வருடா வருடம் வகுப்பில் ஓதிக் கொடுக்கிறவன் நான். கூர் எப்படி உண்டாகிறது என்று அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை.

மீண்டும் அந்தப் பட்டறைக்குப் போனேன். மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பட்டியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருந்தது ஓர் இரும்புத் தகடு. இரண்டு அங்குல அகலமும் எழுபத்திரண்டு அங்குலச் சுற்றளவும் கொண்ட பட்டி சக்கரங்களில் ஓடும்போது, அதன் முதுகைத் தாங்குவது இந்தத் தகடுதான். ஆங்கிலத்தில் பிளேட்டன் என்பார்கள். நாம் கத்தியைப் பட்டியில் அழுத்துகிறோம். பட்டி இந்தத் தகட்டில் அழுந்துகிறது. உருக்கு அளவுகோல் ஒன்றை அதன்மேல் நெடுக்காக நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் வெளிச்சம் ஒழுகியது. தகடு குழிந்துவிட்டது!

குழிந்த தகட்டில் தீட்டிய கத்தியின் பக்கம் புடைத்துவிடும். வாய்க்குப் பின்னால் சதை தடித்து நிற்கும்; வாயும் உருண்டு போகும். காட்டுக்கத்திக்கும் கோடரிக்கும் சிறிது புடைப்பு வேண்டுமென்றே வைப்பதுண்டு. மரத்தில் ஓங்கி வெட்டும்போது வாய் முறியாமல் இருக்க அது உதவும். இறைச்சிக்கும் மரக்கறிக்கும் அது ஆகாது.

தகடு ஏன் குழிகிறது? பட்டறையில் கிடக்கும் சாதாரண மெல்லிரும்பைப் பூட்டுவதால்தான். பட்டியின் முதுகும் அதில் ஒட்டும் தூளும் நாள் முழுக்க உராய்ந்தால் மெல்லிரும்பு தாங்காது. கருவி செய்யும் உருக்கில், கத்தியைப் போலவே காய்ச்சிப் பதமேற்றிய தகடு பல மடங்கு உழைக்கும். ரொக்வெல் அளவையில் 58 முதல் 60 வரை கடினம் இருந்தால் நல்லது. அந்த அளவை பார்க்கும் கருவி சின்னப் பட்டறையில் ஏது? நல்ல அரம் ஒன்றை ஓரத்தில் இழுத்துப் பார்க்கலாம். அரம் கடித்தால் தகடு மென்மை, வழுக்கினால் கடினம்.

கடினம் மட்டும் பார்த்து வாங்கினாலும் ஏமாறுவோம். உருக்கைக் காய்ச்சிக் குளிர்விக்கும்போது அது கோணும். ஆகவே பதமேற்றிய பிறகு மட்டமாக அரைத்து எடுத்த தகடுதான் வேண்டும். கால் அங்குலத்துக்குக் குறையாத தடிப்பு நல்லது. ஆணித் துளைகளைப் பதமேற்றுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு சாதாரணத் துளைக்கம்பி அதில் ஏறாது. ஆணித் தலைகள் தகட்டின் முகத்துக்குக் கீழே அமர வேண்டும். பட்டி வந்து ஏறும் விளிம்பைச் சற்று உருட்டிவிட்டால், ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் 'டொக், டொக்' என்று இடிக்காது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. பட்டி மாற்றும் போதெல்லாம் தூளைத் துடைத்து, அளவுகோலை வைத்துப் பார்த்தால் போதும். இலேசான குழியென்றால் தடித்த கண்ணாடியில் ஒட்டிய அரத்தாளில் தேய்த்து மட்டமாக்கலாம். மறுபக்கம் நன்றாக இருந்தால் திருப்பிப் பூட்டலாம். குழி ஆழமாகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். தகட்டுக்கும் பட்டிக்கும் நடுவில் கிராபைட் துணி ஒட்டுகிறவர்களும் உண்டு. உராய்வும் சூடும் அதனால் குறையும்.

சூடு என்றதும் இன்னொன்று. தீட்டி வந்த கத்தியின் வாயோரத்தில் நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். ஏறக்குறைய 300 பாகை சூடேறியதற்கு அது அடையாளம். அந்த இடத்தில் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கியிருக்கும். எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. அடிக்கடி தண்ணீரில் முக்கி முக்கித் தீட்டச் சொல்லி அனுப்புங்கள்.

உருக்கு நம் தீவுக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரன்தீப் உருக்கையும் குறிப்பிடுகிறார். நம் நாட்டுச் சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் விசையால் எரிந்த பழைய உலைகளைப் பற்றி ஆய்வாளர் கில் ஜூலெஃப் 1996ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். துருத்தியை மிதிக்க ஆளில்லாமல், காற்றே ஊதி இரும்பை உருக்கியிருக்கிறது, ஸுப்ஹானல்லாஹ்!

சரி, மெஷின் பட்டறைக்காரர் பாடு என்று நீங்கள் விட்டுவிட முடியாது. உங்கள் வீட்டிலும் அந்தத் தகடு இருக்கிறது. அதுதான் நீங்கள் கத்தி தீட்டும் கல். பல வருடங்களாக நடுவிலேயே தேய்த்துத் தேய்த்துத் தோணி போல் ஆகியிருக்கும். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். கண்ணாடியில் நனைத்த அரத்தாளை விரித்து, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். ஓரத்துக் கோடுகள் அழிந்து நடுக்கோடு மிஞ்சினால் குழி அங்கேதான். எல்லாக் கோடும் அழியும்வரை தேய்த்தபிறகு கத்தியை வையுங்கள்.

அந்தப் பட்டறைக்காரர் இப்போது கடினத் தகடு போட்டுவிட்டார். என் கத்தியைக் காசு வாங்காமல் மறுபடி தீட்டித் தந்தார். தக்காளியில் வைத்துப் பார்த்த பிறகுதான் மனைவி அதை உறையில் போட்டார்.