பூசணி சீஸ்கேக்கில் வெடிப்பு விழுவது ஏன்?

கனடாவில் அக்டோபர் மாத 2-ஆவது திங்கள்கிழமையும், அமெரிக்காவில் நவம்பர் மாத 4-ஆவது வியாழக்கிழமையும் நன்றி தெரிவிக்கும் நாள் கொண்டாடப்படுகிறது. இலையுதிர்காலத்தில் வரும் இந்தப் பண்டிகையின் விருந்துக்காகப் பலர் பூசணி சீஸ்கேக் தயாரிக்கின்றனர். அதன் மேற்பரப்பில் வெடிப்பு விழுவதே அவர்களின் பொதுவான கவலை.

பொடித்த பிஸ்கட்டுடன் உருக்கிய வெண்ணெயைக் கலந்து அச்சின் அடியில் பரப்பி, அதன்மேல் கிரீம் சீஸ், சர்க்கரை, முட்டை, மஞ்சள் பூசணி விழுது, இலவங்கப்பட்டை, சுக்கு, ஜாதிக்காய்ப் பொடிகள் சேர்ந்த கலவை ஊற்றப்படுகிறது.

கேக் என அழைக்கப்பட்டாலும், இது முட்டையால் இறுகும் கஸ்டர்டு வகையைச் சேர்ந்தது. வெப்பம் மிகுந்தால் முட்டையின் புரதம் சுருங்கி, வெடிப்பு உண்டாகிறது. முட்டை சேர்த்த பின் வேகமாக அடித்தால் கலவையில் காற்று புகுந்து, ஓவனில் உப்பி, பின்னர் அமுங்கும். இதுவும் வெடிப்புக்குக் காரணமாகிறது. பூசணி விழுதில் நீர் மிகுந்தால் நடுப்பகுதி இறுகத் தாமதமாகி, அதற்குள் ஓரங்கள் வறண்டுவிடும். எனவே, விழுதைத் துணியில் வடிகட்டுவது நல்லது.

நீர் புகாதவாறு அலுமினியத் தாளால் சுற்றிய அச்சை வெந்நீர்த் தட்டில் வைத்து, சுமார் 160 டிகிரி செல்சியஸில் வேகவைக்க வேண்டும். தட்டிலுள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டாததால் ஓரங்கள் மிதமாகவே வேகும். நடுப்பகுதி சற்றே அசையும்போதே ஓவனை அணைத்து, கதவைச் சிறிது திறந்து ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும்.

பின்னர் இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால்தான் சீராக வெட்ட வரும் என்பதால், விருந்துக்கு முந்தைய நாளே இதைத் தயாரிப்பது அவசியம்.