மோகனத்துக்குள் நுழைந்த மத்திமம்

ஹார்மனியைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. மெட்டு வேறு விஷயம். சாலையில் நடக்கும்போது வரும், முணுமுணுத்தே சரிபார்த்துவிடலாம். மூன்று ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதை ஒரு தொண்டை எப்படிப் பாடிப் பார்க்கும்?

கீபோர்டில் ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது ஒரு கார்டு. அந்தரக் காந்தாரம் இருந்தால் மேஜர். அதை ஒரு கட்டை இறக்கிச் சாதாரணக் காந்தாரமாக்கினால் மைனர், உடனே முகம் வாடிவிடும். மெட்டு நகர நகர அதற்கடியில் இந்த அடுக்குகள் மாறிக்கொண்டே போவதுதான் ஹார்மனி. ராகத்தை ஒற்றைக் கோடாகக் கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் புதிது.

அந்தமானில், ரங்கத் பஜாரில் கீபோர்டு சொல்லித் தருகிறேன். வருகிற பிள்ளைகளின் வீடுகளில் தமிழ், வங்காளம், தெலுங்கு என்று பல பாஷை, கூடினால் இந்தி. ஞாயிறு மாலை பெரியவர்களும் வருவார்கள். யாராவது எழுதியதை வாசிப்பார்கள், மற்றவர்கள் சொல்வார்கள். எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. கேட்பவர் 'சூப்பர்' என்று சொல்லக் கூடாது. எந்த வரி, எந்த அடி, என்ன உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் மோகனத்தில் ஒரு மெட்டுப் போட்டான். அடியில் ச, ம, ப மூன்றையும் மூலமாக வைத்து வழக்கமான கார்டுகள். பக்கத்து வீட்டு வங்காளி தீதி, கார்டு என்றால் என்னவென்றே கேட்டதில்லை, வீட்டில் ஹார்மோனியம் வாசிப்பவர், இரண்டாவது வரியில் கையைத் தூக்கினார்: "பாட்டு பூபாலிதானே? இங்கே மட்டும் ஏன் வேறு வீட்டுக்குப் போகிறது?" நம் மோகனம்தான் அவருக்குப் பூபாலி. சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். ம கார்டில் மத்திமம், ப கார்டில் நிஷாதம்; இரண்டுமே மோகனத்தில் இல்லாதவை. தொண்டை மோகனம் பாட, கை சங்கராபரணம் வாசித்துக்கொண்டிருந்தது.

"அப்போ என்ன மிஸ் மிச்சம் இருக்கு?" என்றான். எண்ணிப் பார்த்தோம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் முழு கார்டு இரண்டுதான் தேறும்: ச-க-ப, த-ச-க. ம கார்டு இருந்த இடத்தில் இரண்டாவதை வைத்தான். ப கார்டில் நிஷாதத்தை எடுத்துவிட்டு ப, ரி மட்டும் பிடித்தான். தீதி தலையாட்டினார்.

மேற்கத்திய இசையிலும் இப்படித்தான் கற்றிருக்கிறார்கள். 1725இல் வெளிவந்த, இசையமைப்பாளர் ஃபக்ஸின் பாடநூலே குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் உரையாடல். சீடன் எழுதுவான், குரு திருத்துவார். மொசார்ட்டிடம் படித்த தாமஸ் ஆட்வுட்டின் பயிற்சித் தாள்கள், மொசார்ட்டின் திருத்தங்களோடு இன்றும் இருக்கின்றன. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா, ஜி.கே. வெங்கடேஷின் உதவியாளராக இருந்த காலத்தில், தான் எழுதியவற்றின் சில பகுதிகளை இடைவேளையில் வாசித்துக் காட்டும்படி ஒலிப்பதிவுக் கலைஞர்களைக் கேட்டுக்கொள்வாராம். அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' 1976இல்தான் வந்தது. அதற்கு முன்பே தாளில் இருந்ததைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

அந்த வசதி தீவில் ஏது? ஆனால் 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது, சுமார் 2,300 கிலோமீட்டர். அது இணைக்கும் இடங்களில் ரங்கத்தும் ஒன்று. இப்போது பிள்ளைகள் போனில் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். சென்னையில் சர்ச் பாடகர் குழுவை நடத்தும் என் அத்தை மகன் கேட்டுவிட்டு, எத்தனையாவது நொடியில் என்ன தவறு என்று பதில் போடுகிறார்.

இப்போதைய சண்டை மாயாமாளவகௌளை. அதே பையன்தான். அதில் ப-நி-ரி அடுக்கு நிலைகொள்ளாமல் ஆடும், பாட்டை முடித்து வைக்காது. பதிலுக்கு ரி-ம-த பிடித்து, மூன்று விரலையும் ஒரு கட்டை கீழே இறக்கி ச-க-ப-வில் முடிக்கிறான். ரி-த, ச-ப என்று இரண்டு பஞ்சம இடைவெளிகள் அடுத்தடுத்து ஒரே திசையில் போகின்றன, ஃபக்ஸ் காலத்து விதிப்படி குற்றம் என்கிறார் அத்தை மகன். தீதிக்கு அங்கே கார்டே வேண்டாம், வெறும் ச-ப சுருதி போதும். நான் பையன் பக்கம். அந்த விதி நான்கு குரல்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக வந்தது. இங்கே பாடுவது ஒரே குரல்.