வயலில் நட்ட கல்

ஆரணிப் பக்கம் பிரயாணம் செய்திருக்கும் நேயர்கள் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். சாலைக்கு ஒரு புறம் நெல் கதிர் முற்றித் தலை சாய்த்து நிற்கும். மறுபுறம், போன வருஷம் வரையில் அதே மாதிரி கதிர் விளைந்த நிலத்தில், வெள்ளையடித்த சிறு கற்கள் வரிசை வரிசையாக நின்று கொண்டிருக்கும். நடுவே செம்மண் பாதை, முகப்பில் வண்ண வண்ணக் கொடிகள், ஒரு வளைவு, அதில் ஏதாவதொரு தெய்வத்தின் பெயரோடு "நகர்" என்ற சொல். நகரம் எங்கே என்று கேட்டால், "இனிமேல் வரும்" என்பார்கள். வயல் எங்கே என்று கேட்டால் அதற்கு விடை சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இந்தக் கல்லைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

இரண்டு செல்வங்கள்

ஆரணிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. ஆரணிப் பட்டுப் புடவை புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆரணி அரிசியோ, கடைக்காரர் பெயரைச் சொன்னதுமே நம் வீட்டுப் பெண்மணிகள் மறு பேச்சில்லாமல் வாங்கும் அரிசி. ஒன்று தறிப்பள்ளத்திலிருந்து வருகிறது. மற்றொன்று சேற்றிலிருந்து வருகிறது. இரண்டையும் வளர்ப்பது அந்தச் சீமையின் தண்ணீரும் அங்குள்ள மனிதரின் கைகளுமே.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க விரும்புவோர் மேற்கே ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அங்கேதான் படவேடு இருக்கிறது. ரேணுகாம்பாள் சந்நிதிக்கு ஆடி மாதத்தில் திரள் திரளாக ஜனங்கள் வரும் அதே படவேடுதான். மலையிலிருந்து இறங்கும் கமண்டல நதி செண்பகத்தோப்பு அணையைத் தாண்டி, படவேட்டு வாழைத் தோட்டங்களையும் நெல் வயல்களையும் தொட்டுக் கொண்டு, நாகநதியின் நீரையும் சேர்த்துக் கொண்டு, ஆரணியைக் கடந்து செல்கிறது. வழியில் ஏரிகளுக்கு நீர், ஏரிகளிலிருந்து மதகு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கடைமடை. ஒரு வீட்டின் நாடி நரம்பு மாதிரி இந்த ஏற்பாடு இருக்கிறது. இதில் எந்த இடத்தில் கல்லை நட்டாலும் அந்த இடத்தோடு வலி நின்று விடாது.

மனை வேண்டாமென்று யார் சொன்னது?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிவு மறைவின்றி ஒப்புக் கொள்ள வேண்டும். வீட்டு மனை என்றாலே முகத்தைச் சுளிப்பது, சொந்த வீடு உள்ளவர்களுக்குத்தான் சுலபம்.

ஒரு நெசவாளி வாடகைக்கு வீடு தேடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு வேண்டியது படுக்க ஓர் அறையும் சமைக்க ஓர் அறையும் மட்டுமல்ல. குழித்தறி போட வேண்டுமானால் தரையைத் தோண்ட வேண்டும். தம்முடைய வீட்டுத் தரையைத் தோண்டுவதற்கு எத்தனை வீட்டுக்காரர்கள் இசைவார்கள்? தறிக்கு வெளிச்சம் வேண்டும். மழைச் சாரல் படக்கூடாது. பாவை நீட்டி விரிப்பதற்கு நேரான, நெடிய இடம் வேண்டும். பழைய நெசவூர்களில் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. சேலம் பக்கத்தில் இதற்கென்றே பொது மைதானம் விட்டு, அதற்குப் "பாவடி" என்று பெயரும் வைத்தார்கள். இத்தகைய நெசவாளிக்கு, "வயல் புனிதமானது; நீர் வாடகை வீட்டிலேயே இரும்" என்று உபதேசம் செய்ய நமக்கு மனம் வரவில்லை.

அவ்விதமே நிலத்தை விற்கும் விவசாயியைத் தூற்றுவதும் நியாயமல்ல. உர விலை ஏறுகிறது. ஆள் கூலி ஏறுகிறது. நெல்லின் விலை மட்டும் நாணிக் கோணி நிற்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, வைத்தியச் செலவு என்று வரும்போது, காணிக் கணக்கில் மதிப்பிட்ட நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் விலை கேட்டுக் கொண்டு ஒருவன் வாசலில் வந்து நின்றால் எந்தக் குடும்பஸ்தனுக்கும் மனம் சலிக்கத்தான் செய்யும்.

ஆகையால் விற்பவர் குற்றவாளியல்ல, வாங்குபவரும் குற்றவாளியல்ல. அப்படியானால் வழக்கில் நஷ்டப்படுவது யார்? கையெழுத்தே போடாத மூன்றாவது மனிதர். அவர்தாம் பக்கத்து வயல்காரர்.

கையெழுத்துப் போடாதவர்

ஓர் ஏரிப் பாசனத்தில் இருபது பேர் பயிர் செய்கிறார்கள் என்று கொள்வோம். நடுவிலுள்ள மூன்று பேர் விற்று விட்டார்கள். பாதை போடுவதற்காக மண் கொட்டி மேடாக்குகிறார்கள். வாய்க்கால் குறுகுகிறது; அல்லது மறைகிறது. கீழ் வயலுக்கு நீர் போகாது. மழைக் காலத்திலோ மேல் வயலின் நீர் வடியாது. எரு வண்டி போன வரப்பு வழி இப்போது வேலியாகி விட்டது. அறுவடை இயந்திரம் வர வழியில்லை. வீடுகள் எழும்பிய பின்பு சாக்கடையும் வயலுக்குத்தான் வரும். இரண்டு போகம் இப்படிக் கழிந்தால் நான்காவது மனிதரும் விற்கிறார். "விரும்பித்தானே விற்றார்?" என்று ஊர் கேட்கும். விரும்பினாரா, விரட்டப்பட்டாரா என்பதைப் பத்திரத்தில் எழுதுவதற்கு இடம் கிடையாது.

நகரசபையின் பொறுப்பு இங்கேதான் ஆரம்பமாகிறது. ஒரு மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்டு மனு வரும்போது, மனுதாரருக்காகப் பேச வக்கீலும் உண்டு, வரைபடக்காரரும் உண்டு. வரிப் பணம் வரும் என்ற ஆசையும் சபையினருக்கு இயற்கையே. ஆனால் மனுவில் பெயர் இல்லாத கடைமடைக்காரருக்காகப் பேச, அங்கே உட்கார்ந்திருக்கும் அங்கத்தினர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

மாம்பலத்தின் கதை

இப்படி ஒரு நகரம் வயலையும் ஏரியையும் வீடாக மாற்றிய கதை நமக்குப் புதிதல்ல. சென்னையில் தியாகராய நகருக்குப் போகாத தமிழ்க் குடும்பம் உண்டா? தீபாவளி ஜவுளி வாங்கும் அந்த இடத்தில், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. ஆங்கிலேயர் அதை "லாங் டாங்க்" என்றார்கள். அதைச் சுற்றிலும் மாம்பலத்து வயல்களும் தோப்புகளும் இருந்தன.

சென்னை நகரம் பெருத்தது. ஜனங்களுக்கு வீடு போதவில்லை. 1920-ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. தொடர்ந்து வந்த சில வருஷங்களில் ஏரியை வற்றச் செய்து மாம்பலத்தில் புதிய குடியிருப்பை அமைத்தார்கள். 1925-ஆம் ஆண்டில் காலஞ்சென்ற ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. நடுவே பனகல் அரசரின் பெயரால் பூங்கா; சுற்றிலும் அகலமான வீதிகள்; அவற்றுக்கு அக்காலப் பிரமுகர்களின் பெயர்கள்.

அந்த வேலையைச் செய்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. திட்டமிட்டார்கள், பூங்கா விட்டார்கள், வீதிகளை அகலமாகப் போட்டார்கள். இன்றைய கொடி கட்டிய "நகர்"களோடு ஒப்பிட்டால் அது ராஜ காரியம். ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் கேட்க மறந்து விட்டார்கள். ஏரியில் வந்து தங்கிய மழை நீர், ஏரி போன பிறகு எங்கே தங்கும்? அந்தக் கேள்விக்கு மழையே பதில் சொல்லிற்று. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திலும், மறுபடி 2021-ஆம் ஆண்டு நவம்பரிலும் தியாகராய நகர் வீதிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" என்று ஒரு வீதி இன்றும் இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் வீதி என்று பொருள். பார்ப்பதற்கு ஏரி இல்லை. ஆனால் அடைமழை பெய்தால் ஏரி தானே வந்து வீதியைப் பார்த்து விட்டுப் போகிறது!

பேரறிஞர் பலர் கூடித் தீட்டிய திட்டத்துக்கே இந்தக் கதி என்றால், யாரும் தீட்டாத திட்டத்தின் கதி என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இருந்தும் பல்லாண்டுகள் வயல்கள் அங்கீகாரமில்லாமல் மனைகளாகிப் பத்திரமும் பதிவாகிக் கொண்டிருந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி குறுக்கிட்டது. விளைநிலங்களை மாற்றிப் போட்ட அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று உத்தரவிட்டது. மாகாணம் முழுவதும் பதிவு அலுவலகங்கள் ஸ்தம்பித்தன.

அப்போது வெளிப்பட்டது ஓர் உண்மை. தரகர்களும் மனை வியாபாரிகளும் மட்டும் அங்கே தவிக்கவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மனை வாங்கியிருந்த ஏழை எளியவர்களும் தவித்தார்கள். வியாபாரி லாபத்தை எடுத்துக் கொண்டு அடுத்த வயலுக்குப் போய் விட்டான். வாங்கியவர் விளக்கும் சாக்கடையும் இல்லாத கல்லுக்கு முன்னால் நின்றார். பின்னர் 2017-ஆம் ஆண்டு மே மாதம் சர்க்கார் வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது; 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன்பு விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக் கொண்டு அங்கீகாரம் கொடுக்க வழி செய்தது. வாங்கியவர்களுக்கு அது நிவாரணம்தான். ஆனால் மறைந்த வாய்க்கால்களுக்கு எந்த விதியிலும் வரன்முறை கிடையாது.

2020-ஆம் ஆண்டில் காவேரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி ஒரு சட்டம் செய்தார்கள். மிகவும் நல்லது. ஆனால் அது சில வகை ஆலைகளைத் தடுப்பதற்கு ஏற்பட்டது. வீட்டு மனைக் கல்லைத் தடுப்பதற்கல்ல. மேலும் அந்த மண்டலத்தில் திருவண்ணாமலை மாவட்டம் சேரவில்லை.

இதே மாவட்டத்தில் செய்யாற்றை அடுத்த மேல்மா முதலிய கிராமங்களில், தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ஆம் ஆண்டில் விவசாயிகள் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். அவ்வருஷம் நவம்பரில் அவர்களில் ஏழு பேர் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்த பின் ஆறு பேர் மீதான உத்தரவு வாபஸாயிற்று. ஏர் பிடித்தவனையும் குண்டனையும் பிரித்தறிய முடியாத சட்டத்தை என்னவென்று சொல்வது? ஆலைக்காக ஒரே நாளில் எடுத்தால் ஊர் திரண்டு எழுகிறது. மனைக்காக ஒவ்வொரு காணியாகப் போனால் ஓசையே கேட்பதில்லை. இந்த இரண்டாவது வகைதான் நமக்கு அதிகக் கவலை தருகிறது.

சபை கேட்க வேண்டிய கேள்விகள்

நகரசபையாயினும் ஊராட்சியாயினும், மனைப் பிரிவு மனு ஒன்று முன்னே வரும்போது சில கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, இந்த நிலம் நன்செய்யா, புன்செய்யா? மேட்டுப் புன்செய் இருக்கும்போது பள்ளத்து நன்செய்யில் வீடு கட்டுவானேன்?

இரண்டாவது, இதன் வழியே போகும் நீர் யாருக்குப் போகிறது? அவர்களை அழைத்துக் கேட்டாயிற்றா?

மூன்றாவது, இங்கே வந்து குடியிருக்கப் போகிறவர் யார்? வீடில்லாத நெசவாளியா, அல்லது விலை ஏறட்டும் என்று கல்லை நட்டுக் காத்திருக்கும் வெளியூர்த் தனவந்தரா?

நான்காவது, ஊருக்குள்ளேயே பாழடைந்த வீடுகளும் காலி மனைகளும் எத்தனை கிடக்கின்றன?

இவற்றைப் பூட்டிய அறைக்குள் கேட்டுப் பயனில்லை. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. வரைபடத்தை அங்கே விரித்து, நல்ல தமிழில் படித்துக் காட்டட்டும். லண்டன் நகரத்தைச் சுற்றிலும் பசுமை வளையம் வைத்துக் காப்பதற்கு 1938-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் சட்டம் செய்தார்கள். தங்கள் ஊருக்கு வேண்டுமென்று அவர்கள் நினைத்தது நம் ஊருக்கு மட்டும் வேண்டாமா?

நெசவாளிகளுக்கு வீடு தருவதாயிருந்தால் மேட்டு நிலத்தில், தறிக்குத் தக்க அறையோடும் பாவு விரிக்கத் தக்க வீதியோடும் தரட்டும். அத்தகைய குடியிருப்புக்கு முதல் கல்லை நாட்ட நாமே முன்னால் வந்து நிற்போம்.

கடைசியாக மறுபடி படவேட்டுக்கு வருவோம். வயலும் வாழையுமாகக் காணும் அந்தக் கிராமம் ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகரம். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் கம்பணர் படையெடுத்து வென்றார். பிறகு தலைநகரம் மெல்ல மெல்லக் கரைந்தது. மண் மூடிச் சிதைந்து கிடந்த கோயில்கள் பலவற்றை நம் காலத்தில் தேடிக் கண்டு புதுப்பித்திருக்கிறார்கள். அரண்மனை இருந்த சீமையில் இன்று நாற்று அசைகிறது.

ஒரு நகரம் வயலாவதற்கு அறுநூறு வருஷங்கள் வேண்டியிருந்தன. ஒரு வயல் "நகர்" ஆவதற்கு ஒரு காலைப் பொழுதும் ஒரு கையெழுத்தும் போதும். கையெழுத்துப் போடும் கை அதை நினைத்துச் சற்றே தயங்குமானால், இந்தக் கட்டுரையை எழுதியதன் பலன் கிடைத்து விட்டதாகவே கருதுவோம்.