உதவி வீட்டு வாசல்வரை வருமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நடக்க முடியாத ஒருவரை வெளியே அழைத்துப் போவது லேசான காரியமல்ல. லயத்து வாசலில் படி. படி இறங்கினால் சரிவு. சரிவு முடிந்தால் வளைந்து வளைந்து போகும் தோட்டச் சாலை. கிளினிக், பள்ளி, அலுவலகம் எல்லாம் அதற்கப்பால் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ இருக்கின்றன. ஆகவே ஓர் உதவியைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை வெள்ளி கிடைக்கும் என்பதோடு, அது வீடுவரை வந்து சேருமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அட்டை

ஜேகேஎம் எனப்படும் சமூகநல இலாகாவில் பதிந்துகொள்பவருக்கு ஓகேயு எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும். கேட்கும் திறன், பேச்சு, பார்வை, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உண்டு. பதிவு கட்டாயமில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மற்ற உதவிகளுக்கு இதுதான் வாசல். பாரத்தில் மருத்துவரின் உறுதி வேண்டும். தானா ராத்தா அரசு மருத்துவமனைக்கு வேறு காரியமாகப் போகும் நாளிலேயே பாரத்தையும் எடுத்துப் போனால் ஒரு பயணம் மிச்சம்.

யாருக்கு எந்தத் தொகை?

2021 வரவு செலவுத் திட்டத்தில் மூன்று மாதாந்திர உதவிகள் உயர்த்தப்பட்டன. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு 450 வெள்ளி, வேலை செய்ய இயலாதவருக்கு 300 வெள்ளி, படுத்த படுக்கையாய் இருப்பவரைப் பராமரிப்பவருக்கு 500 வெள்ளி என்று ஆனது. வருமானம் பார்த்துத்தான் தருவார்கள். தொகையும் வரம்பும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலையில் அடிபட்டவருக்கு சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தனி வழி. சிகிச்சை, இழப்பீடு ஆகியவற்றோடு மீண்டும் வேலைக்குத் திரும்பப் பயிற்சி தரும் திட்டமும் 2007 முதல் இருக்கிறது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வேலையிடக் காயத்துக்கான சொக்சோ பாதுகாப்பு 2019 ஜனவரி முதல் அவர்களுக்கும் உண்டு.

நிலையமா, வீடா?

பணம் மட்டும் ஒருவரைக் குளிப்பாட்டாது. சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்காது. அந்த வேலைக்காக இருப்பதுதான் பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு நிலையம். 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய இத்திட்டம், இன்று நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட நிலையங்களாக வளர்ந்திருக்கிறது. உள்ளூர்க் குழு நடத்துகிறது, ஜேகேஎம் நிதி தருகிறது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, கைகால் அசைவு, பேச்சு, பிறரோடு பழகுவது எனப் பயிற்சிகள் உண்டு. நிலையத்துக்குப் போகலாம், பயிற்றுநர் வீட்டுக்கு வரும் முறையும் இத்திட்டத்தில் இருக்கிறது. பலர் இந்த இரண்டாவதைக் கேட்பதே இல்லை. தோட்டக் குடும்பங்களுக்கு இதுதான் முக்கியம்.

சேர்க்கும் முன் சில கேள்விகள்: வண்டி தோட்டத்துக்குள் வருமா, பெரிய சாலையோடு நின்றுவிடுமா? மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்றைக்கு என்ன ஏற்பாடு? பயிற்றுநருக்குத் தமிழ் புரியுமா? பேச்சு இப்போதுதான் வரும் பிள்ளைக்கு வீட்டு மொழியும் பயிற்சி மொழியும் வேறானால் பாடு இரட்டிப்பாகும். அம்மா காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் நேரமும் நிலையம் திறக்கும் நேரமும் ஒத்துவருமா?

பிள்ளை பள்ளி வயதில் இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சிறப்புக் கல்வி வகுப்பு எங்கே என்று கேட்கலாம். குறைபாட்டைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சு 2019 முதல் நடைமுறைப்படுத்திவரும் கொள்கை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெற்றால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க நேரும். படியும் பாதையும் பழகிய பிள்ளை புது இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அட்டை, உதவித்தொகை, பிடிகே பதிவு எல்லாவற்றையும் பெற்றோர் வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், நாள் முழுவதும் இயங்கும் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு போதும்.