உப்படை, வெல்லடை, ஒரு மஞ்சள் சரடு

மாசி முடியப் போகிறது என்பதைக் காராமணி வறுபடும் வாசனையே எங்கள் வீட்டில் சொல்லிவிடும். மாசியும் பங்குனியும் சந்திக்கிற வேளையில், அநேகமாக மார்ச் 14-ஆம் தேதியை ஒட்டி, காரடையான் நோன்பு வரும். பங்குனி பிறப்பதற்குள் சரடு கட்டிக்கொண்டாக வேண்டும். 'மாசிக் கயிறு பாசி படியும்' என்பார் என் மாமியார். அந்த நேரம் ஒரு வருஷம் சாவகாசமாகச் சாயங்காலம் வரும்; இன்னொரு வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு வந்து தூக்கத்தைக் கெடுக்கும். கைக்குழந்தைக்காரியாக இருந்தபோது கொட்டாவி விட்டுக்கொண்டே அடை தட்டியிருக்கிறேன்.

தட்டினேன் என்று பெயர்தான். மாவு கிளறுவதெல்லாம் மாமியார். அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கல்யாணத்துக்கு வந்த 'சமைத்துப் பார்' முதல் பாகம் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாக, அட்டை போன புத்தகம். அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் அம்மா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: 'நோன்பு அடை. மாவு 1, வெல்லம் 1, ஜலம் 2.' அவ்வளவுதான். மீதி எல்லாம் அவர் கையில் இருந்தது.

மாமனார் காலமான பிறகு ஒரு வருஷம் வீட்டில் பண்டிகை கிடையாது. நோன்பை மட்டும் விடக்கூடாது என்று பேருக்குச் சரடு கட்டிக்கொண்டேன். வருஷாப்திகம் ஆகி மறுபடி மாசிக் கடைசி வந்தது. காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அம்மா கூடத்து நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்கோம்மா, மாவு வறுக்கணுமே" என்றேன்.

"நீ பண்ணிக்கோ. நான் இன்னிக்கு அங்கே வரப்படாது."

ஒரு வார்த்தை பேச முடியவில்லை எனக்கு. ஐம்பது வருஷம் நோன்பு நூற்றவர்!

வேறு வழி? புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியாக ஆரம்பித்தேன். மாவு எந்த மட்டும் வறுபட வேண்டும்? தெரியாது. என் பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. அவள்தான் கூடத்துக்கும் சமையலறைக்கும் தூது. "பாட்டி சொல்றா, மாவைக் கிள்ளி எடுத்துக் கோலம் போட்டா இழை அறுபடாம வரணுமாம்." ஓடுவாள், வருவாள். "வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டினியான்னு கேக்கறா. மண் இருக்குமாம்." "காராமணியை வறுத்துட்டு அப்புறம்தான் வேக வைக்கணுமாம், இல்லேன்னா குழைஞ்சுடுமாம்." கொதிக்கிற வெல்ல ஜலத்தில் தேங்காய்ப் பல்லும் காராமணியும் ஏலக்காயும் போட்டு, அடுப்பைத் தணித்து மாவைத் தூவிக் கிளற வேண்டும், ஆறினதும் எண்ணெய் தொட்டு வட்டமாகத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் ஆவியில் வைக்க வேண்டும். உப்படைக்கு வெல்லத்துக்குப் பதில் கடுகு, பச்சைமிளகாய், பெருங்காயம் தாளிப்பு. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். என்ன பிரயோஜனம்? வெல்லடை வெடித்துக்கொண்டு வந்தது. ஜலம் போதவில்லை. மாவு பழசானால் ஜலம் கூட இழுக்கும் என்பதை யாரும் பென்சிலால் எழுதி வைக்கவில்லை.

(இடையில் ஒரு வார்த்தை. பிள்ளைத்தாய்ச்சிகளும், பால் கொடுக்கிறவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நேரம் வரும்வரை பட்டினி கிடக்க வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டால் சாவித்திரி கோபித்துக்கொள்ள மாட்டாள். எனக்குக் குழந்தை பிறந்த வருஷம் அம்மாவே பாலைக் காய்ச்சிக் கையில் கொடுத்தார்.)

சாவித்திரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மகாபாரதம் வன பர்வத்தில் வருகிற கதையில், யமனைத் தொடர்ந்து போகிறவள் எடுத்த எடுப்பில் புருஷன் உயிரைக் கேட்பதில்லை. முதல் வரம், கண் தெரியாத மாமனாருக்குப் பார்வை. இரண்டாவது, அவர் இழந்த ராஜ்யம். அப்புறம்தான் மற்றதெல்லாம். அந்தக் கிழவருக்கும் அவர் மனைவிக்கும் அவள் எவ்வளவு வேண்டியவள்! அந்த நோன்பன்று ஒரு மாமியாரைக் கூடத்தில் உட்கார்த்தி வைக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று ராத்திரி, வெடித்த அடையையே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. "அம்மா, உங்க புத்தகம் 1951-லே வந்ததாம். எழுதின மீனாக்ஷி அம்மாள் சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவராம். அவர் மாமா கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர்தான் எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தாராம். பண்டிகை, விசேஷம்னு மூணாம் பாகத்திலே எழுதியிருக்காரே, அதுவும் அவர்தானே?"

"நம்ம மீனாக்ஷி அம்மாளா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடையிலே ஜலம் போறலை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நம்பிக்கையோடு அறுபது எழுபது வயது வரை வந்தவரிடம், ஒரு நாளில் எல்லாவற்றையும் உதறு என்பதும் ஒரு அதிகாரம்தானே!

மறு வருஷம் நோன்புக்கு முதல் நாள், வாசனை வருகிறதே என்று போய்ப் பார்த்தால் அம்மா மாவு வறுத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நீ சரியா வறுக்க மாட்டே" என்றார், திரும்பிப் பார்க்காமலே. மறுநாள் கிளறியதும் அவர்தான். ஆனால் இலை போட்டு, அடையும் வெண்ணெயும் வைத்து, சரடை எடுக்கிற நேரத்தில் நழுவிப் போய்விட்டார். "நீங்களே கட்டி விடுங்கோம்மா" என்று கூப்பிட்டேன். "அதெல்லாம் வேண்டாம்டி" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

என் பெண் என்னைப் போல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தன் சரடை எடுத்துக்கொண்டு நேரே பாட்டியின் அறைக்குப் போனாள். முதுகைக் காட்டி நின்று, பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் பாட்டி, பங்குனி பொறந்துடும்" என்றாள்.

நான் நிலைப்படியில் நின்றுவிட்டேன். அம்மா ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சரடை வாங்கினார். விரல் நடுங்கியதில் முடிச்சு சட்டென்று விழவில்லை. இரண்டு தரம் போட வேண்டியிருந்தது.

"ஆச்சு, போ" என்றார். "அடை ஆறிப் போறது. வெண்ணெயை நிறையவே வெச்சுக்கச் சொல்லு உங்கம்மாவை."