காணாப் புண்ணும் கைவிட்ட மருந்தும்

விழுப்புண் பட்ட வீரனைப் போற்றுதல் பழந்தமிழர் மரபு. மார்பிற் பட்ட புண்ணை ஊரார் கண்டனர், மருந்திட்டுக் கட்டினர். உள்ளத்திற் பட்ட புண்ணைக் காண்பார் யார்? முதல் உலகப் பெரும்போர் நிகழ்ந்த காலத்தில், 1915-ஆம் ஆண்டில், ஆங்கில மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் என்பார் 'குண்டதிர்ச்சி' என்னும் பெயரால் இதனைக் குறித்து எழுதினார். 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் போர் முதலிய கொடுந்துயரங்களால் விளையும் இந்நோய்க்குத் தம் நோய்ப் பட்டியலில் தனியிடம் அளித்தனர். கனவிலும் நனவிலும் போர்க்களம் மீளத் தோன்றலும், சிற்றொலிக்கும் திடுக்கிடலும், பழைய நினைவை எழுப்பும் இடங்களையும் மக்களையும் விட்டு ஒதுங்கலும் இதன் குறிகளாம். இதற்கு மருந்து உண்டு. எனினும் பலர் அதனை இடையிலே கைவிடுகின்றனர். அஃது ஏன் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டில் முன்னாள் படைவீரர்க்கு அளிக்கப்பெறும் பேச்சு மருத்துவத்துட் சிறந்தன இரண்டு. ஒன்று எட்னா ஃபோவா அம்மையார் வகுத்தது. அதன்படி, நோயாளர் கண்களை மூடி, நடந்ததை இன்று நடப்பதுபோல எடுத்துரைத்தல் வேண்டும்; அவ்வுரையின் ஒலிப்பதிவை நாடோறும் வீட்டிற் கேட்டல் வேண்டும்; இடரில்லாதனவாயினும் தாம் அஞ்சி விலக்கிய இடங்களுக்குச் சிறிது சிறிதாகச் சென்று பழகுதல் வேண்டும். மற்றொன்று பட்ரீஷியா ரெசிக் அம்மையார் வகுத்தது. 'என் பிழையாலன்றோ தோழன் மாண்டான்' என்பன போன்ற எண்ணங்களை எழுதிவைத்து, அவை மெய்யோ என ஆராய்வது அதன் முறை.

2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 916 வீரர் இவ்விரண்டனுள் ஒன்றைப் பெற்றனர். இரண்டினாலும் நோய் தணிந்தது. ஆயினும் முன்னதை நூற்றுக்கு ஏறக்குறைய 56 பேரும், பின்னதை ஏறக்குறைய 47 பேரும் முடியுமுன்னரே விட்டு விலகினர்.

இவர்களைக் கோழையர் என்பது பெரும்பிழை. நினைவை விட்டு ஓடுதலே இந்நோயின் இயல்பு; நினைவை எதிர்கொள்ளுதலே இம்மருந்தின் இயல்பு. ஆகவே, நோய் எதனைத் தடுக்கின்றதோ அதனையே மருந்து வேண்டி நிற்கின்றது. தொடக்கத்தில் சிலர்க்குத் துன்பம் மிகுவதும் உண்டு. அதனை முன்னரே அறியாதார், மருந்தே நோயை வளர்த்ததென மருளுவர். மேலும், மருத்துவமனை நெடுந்தொலைவில் இருக்கும்; வேலைக்குச் செல்லல் வேண்டும்; குழந்தைகளைப் பேணல் வேண்டும்; இவற்றிடையே வீட்டுப் பயிற்சியும் செய்தல் வேண்டும். 'போரைக் காணாத இவர் என்னை எங்ஙனம் அறிவார்?' என்னும் ஐயமும் சிலரைத் தடுக்கும். நலம் பெற்றமையால் முன்னரே நின்றுவிடுவாரும் உளர். அவரைத் தோற்றார் என்றல் பொருந்தாது.

இனி, முடிப்பார் எதனால் முடிக்கின்றனர்? 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, துன்பத்தை எதிர்கொள்ளுமாறு சுற்றத்தாரால் ஊக்கப்பெற்ற வீரர் மருத்துவத்தில் மிகுதியாக நிலைத்தனர் எனக் காட்டிற்று. மருத்துவமுறையின் சுமையும் ஒரு காரணமே. 2018-இல், வீரரும் பிறருமாகிய 126 பேரிடை நிகழ்ந்த ஆய்வில், 12 அமர்வுகள் கொண்ட ரெசிக் முறையை நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் விட்டனர். துயரை எழுதிப் பார்க்கும் 5 அமர்வு முறையை விட்டவரோ ஏறக்குறைய 6 பேரே. பயனில் குறுமுறை நெடுமுறைக்குத் தாழ்ந்ததன்று என்பதும் அறியப்பட்டது.

இவற்றை எண்ணுந்தோறும் திருமறையிற் காணும் சீரியப் படைத்தலைவன் நாகமான் நம் நினைவிற்கு வருகின்றான். யோர்தானில் ஏழுமுறை மூழ்குமாறு எலிசா தீர்க்கதரிசி சொல்லியனுப்ப, தான் எண்ணிய முறையில் மருத்துவம் அமையாமையால் அவன் சினந்து திரும்பினான். அவனும் மருந்தை இடையிற் கைவிட்ட வீரனே. அவனைப் பழித்துரைத்தார் எவரும் மீட்டிலர். உடன்சென்ற ஊழியர் அணுகி, இன்சொல்லால் இரந்தே மீட்டனர். ஏழுமுறையும் மூழ்கியபின் அவன் நலமுற்றான்.

மருந்தை முடித்தல் வீரன் ஒருவனது திண்மையால் மட்டும் ஆவதன்று. நோயின் இயல்பை முன்னரே விளக்கும் மருத்துவரும், ஒருவன் வாழ்வுக்கேற்ப அமையும் முறையும், அருகிருந்து 'இன்னும் ஒருமுறை சென்று வருக' என்பாரும் வேண்டும். திரும்பிச் செல்லும் வீரனைக் காணுமிடத்து, 'ஏன் விட்டாய்?' எனக் கடிந்து வினவுதற்கு முன், 'யான் உடன் வரவோ?' எனக் கேட்கக் கற்போமாக.