அடுத்த பேராயரிடம் சபையார் எதிர்பார்ப்பது என்ன? கேன்டர்பரி தேர்வு எழுப்பிய கேள்விகள்

இங்கிலாந்து திருச்சபையின் அடுத்த தலைவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 11,000-க்கும் மேற்பட்டோர் பதில் அளித்தனர். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, 106-ஆவது கேன்டர்பரி பேராயராக சாரா முல்லாலியின் பெயர் அறிவிக்கப்பட்டது. அப்பதவிக்குப் பெண் ஒருவர் தேர்வானது இதுவே முதல் முறை என்பதால், செய்திகள் பெரும்பாலும் அந்தச் சிறப்பையே பேசின. சபையார் எழுப்பிய கேள்வியோ வேறு. ஆலயச் சுவர்களுக்கு வெளியே, பொதுவாழ்வில், தங்கள் தலைவர் எதற்காகக் குரல் கொடுக்க வேண்டும், அதற்கான தகுதியை அவர் எங்கிருந்து பெறுகிறார் என்பதே அது.

இந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டு. தென்னிந்திய திருச்சபையும் வட இந்திய திருச்சபையும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பினர்கள். கேன்டர்பரி பேராயருக்கு இவற்றின் மீது நிர்வாக அதிகாரம் ஏதும் இல்லை. சமமானவர்களுள் முதல்வர் என்ற மதிப்பு மட்டுமே உண்டு. ஆயினும் அந்த மதிப்புக்கு உள்ள வலிமையை இந்தியர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள்.

2019 செப்டம்பர் 10 அன்று, அப்போதைய பேராயர் ஜஸ்டின் வெல்பி அமிர்தசரஸின் ஜாலியன்வாலாபாக் நினைவிடத்தில் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து செபித்தார். பிரிட்டிஷ் அரசின் சார்பில் பேசும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும், சமயத் தலைவர் என்ற முறையில் தாம் வெட்கமும் வருத்தமும் அடைவதாகவும் கூறினார். படுகொலையின் நூற்றாண்டான அவ்வாண்டு ஏப்ரலில், பிரிட்டன் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்ததோடு நின்றுகொண்டார். அரசு தயங்கிய இடத்தில் ஆயர் ஒருவர் தரையில் விழுந்தார். பொதுவெளித் தலைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் அரிது.

அதே வெல்பி 2024 நவம்பர் 12 அன்று பதவி விலகலை அறிவிக்க நேர்ந்தது. கிறிஸ்தவ முகாம்களோடு தொடர்புடைய ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர், பிரிட்டனிலும் ஆப்பிரிக்காவிலும் 100-க்கும் மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் பல ஆண்டுகள் கொடுமைக்கு உள்ளாக்கியதை, அதற்கு ஐந்து நாள் முன்பு வெளியான மேக்கின் அறிக்கை விவரித்தது. 2013-இலேயே தகவல் தெரிந்திருந்தும் வெல்பி போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது அறிக்கையின் முடிவு. 2018-இல் இறந்த ஸ்மைத் கடைசிவரை நீதிமன்ற விசாரணையைச் சந்திக்கவில்லை. பொதுப் பேரவை உறுப்பினர்கள் சிலர் தொடங்கிய, வெல்பி விலகக் கோரும் மனுவில் சில நாட்களில் 10,000-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். டிசம்பரில் பிரபுக்கள் சபையில் ஆற்றிய விடையுரையில் வெல்பி தமது விலகலை நகைச்சுவையோடு குறிப்பிட்டது பாதிக்கப்பட்டோரை மேலும் புண்படுத்தியது. மறுநாளே அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

கருத்துக் கேட்பு இந்தச் சூழலில்தான் நடந்தது. கேன்டர்பரி மறைமாவட்டம் தயாரித்த தேவை அறிக்கையில் இதன் சுவடு தெளிவாகத் தெரிகிறது. வரவிருப்பவர் நேர்மையில் குறைவற்றவராக, திருச்சபைக்குள் நிகழ்ந்த அநீதிகளையும் மறைக்காமல் பேசுபவராக, ஒதுக்கப்பட்டோர் மீது பரிவு கொண்டவராக இருக்க வேண்டும் என்று அது கோரியது. நாட்டு விவகாரங்களில் கிறிஸ்தவப் பார்வையைத் தயக்கமின்றி முன்வைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

இந்தக் கடைசி எதிர்பார்ப்பு சொல்வதற்கு எளிது. பிரபுக்கள் சபையில் இங்கிலாந்து திருச்சபையின் ஆயர்கள் 26 பேருக்கு இடம் உண்டு. எனவே அவர்கள் பேசுவது சட்டமியற்றலின் ஒரு பகுதி. புகலிடம் தேடி வந்தோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் அரசின் திட்டத்தை 2022 ஈஸ்டர் அருளுரையில் வெல்பி கண்டித்தபோது, சபையாரில் ஒரு பகுதியினர் பெருமை கொண்டனர். ஆளுங்கட்சியினர் சிலர் ஆயர்கள் அரசியலில் தலையிடுவதாகச் சாடினர். ஏழைகளுக்காகப் பேசுங்கள், ஆனால் அரசியல் பேசாதீர்கள் என்று ஒரே சபையிலிருந்து இரு குரல்கள் எழும். இரண்டையும் நிறைவேற்ற எந்த ஆயராலும் இயலாது.

பேசுபவரின் வீடு எப்படி இருக்கிறது என்ற கேள்வியும் உடனே எழுகிறது. 2013-இல், ஏழைகளுக்குக் குறுகிய காலக் கடனைக் கடும் வட்டிக்குக் கொடுத்துவந்த வோங்கா நிறுவனத்துக்கு எதிராகக் கடன் கூட்டுறவுகளை வளர்க்கப் போவதாக வெல்பி அறிவித்தார். திருச்சபையின் சொந்த முதலீட்டில் ஒரு சிறு பங்கு அதே நிறுவனத்துக்கு மறைமுகமாகச் சென்றிருந்தது உடனே வெளிவந்தது. தொகை ஏறத்தாழ 75,000 பவுண்டுதான். ஆயினும் அவர் பேச்சின் பாதி வலிமை அன்றே போயிற்று.

சபையாரின் விருப்பம் தேர்வாக மாறும் வழியும் நேரானதன்று. கருத்துகளும் தேவை அறிக்கையும் அரச நியமன ஆணையத்துக்குச் செல்கின்றன. கேன்டர்பரிக்கான ஆணையத்தில் வாக்குரிமை உள்ளவர்கள் 17 பேர். உளவு அமைப்பான எம்ஐ5-இன் முன்னாள் தலைவர் ஜொனாதன் எவன்ஸ் இம்முறை அதற்குத் தலைமை வகித்தார். உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்துக்கு முதன்முறையாக ஐந்து இடங்கள் தரப்பட்டன. கேன்டர்பரி மறைமாவட்டத்தின் இடங்களோ ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தன. ரகசியமாகக் கூடும் இந்த ஆணையத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்றவரின் பெயரே பிரதமர் வழியாக மன்னரைச் சென்றடையும். அந்த ஆதரவு எப்போதும் கிடைப்பதில்லை. கார்லைல், ஈலி ஆகிய மறைமாவட்டங்களுக்கான ஆணையங்கள் அண்மையில் பெயரின்றியே கலைந்தன.

மூன்றில் இரண்டு பங்கு என்ற வாசல் பெரும்பான்மையின் விருப்பத்தையும் தடுக்க வல்லது. பெண்களை ஆயர்களாக்கும் முன்மொழிவுக்கு 44 மறைமாவட்டங்களில் 42 ஒப்புதல் அளித்திருந்தும், 2012 நவம்பரில் பொதுப் பேரவையின் பொதுநிலையினர் அவையில் ஆறு வாக்குகள் குறைந்ததால் அது தோற்றது. 2014-இல்தான் நிறைவேறியது. ஆந்திரத்தின் நந்தியால் மறைமாவட்டத்துக்கு இ. புஷ்பலலிதாவைத் தென்னிந்திய திருச்சபை 2013-இலேயே ஆயராக்கிவிட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இந்தியாவில் சபையாரின் எதிர்பார்ப்பை அறியும் முறைகள் வேறுபடுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரை நியமிப்பவர் போப்பாண்டவர். அவருடைய தூதர், தேவை எனக் கருதினால், பொதுநிலையினர் சிலரிடம் தனித்தனியே ரகசியமாகக் கருத்துக் கேட்கலாம். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில், 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பங்குகளிலிருந்து வரும் குருமாரும் பொதுநிலையினரும் கூடிய சங்கமே பேராயர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தென்னிந்திய திருச்சபையில் மறைமாவட்ட மன்றம் பெயர்ப் பட்டியலைத் தேர்ந்து அனுப்ப, அதிலிருந்து ஒருவரைச் சினட் அளவிலான குழு முடிவு செய்கிறது. இங்கிலாந்தில் உள்ளதுபோல் எவரும் நிரப்பி அனுப்பத்தக்க விண்ணப்பம் இங்கே இல்லை.

அதன் இடத்தை நீதிமன்ற மனுக்கள் பிடித்துக்கொண்டன எனலாம். 1947 செப்டம்பர் 27 அன்று உருவான இத்திருச்சபையில், ஆயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தமும் தலைமைப் பதவிக்கான தேர்தலும் சென்னை உயர் நீதிமன்றம் வரையும் உச்ச நீதிமன்றம் வரையும் சென்றன. கணக்கு, சொத்து, வாக்காளர் பட்டியல் ஆகியவையே இத்தகைய வழக்குகளில் அடிக்கடி எழும் பொருள்கள். சிறுபான்மையினர் உரிமை குறித்து ஆயர் விடுக்கும் அறிக்கையை நாடு மதிக்க வேண்டும் என்று விரும்பும் உறுப்பினரே, பள்ளி நிர்வாகக் குழுவின் கணக்கையும் கேட்கிறார்.

முல்லாலியின் கதைக்கும் இதே இரு பக்கங்கள் உண்டு. செவிலியராகப் பணியைத் தொடங்கி, 1999-இல் இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரியாக உயர்ந்தவர் அவர். 2018 முதல் லண்டன் ஆயராக இருந்தவர். பெயர் அறிவிக்கப்பட்ட நாளின் உரையில், பாதுகாப்பில் திருச்சபை தவறியதை ஏற்றுக்கொண்டார். முந்தைய நாள் மான்செஸ்டர் யூத வழிபாட்டுத்தலத்தில் நடந்த தாக்குதலைச் சுட்டி, யூத வெறுப்பையும் கண்டித்தார். ஆனால் ஒருபாலினத்தவருக்கு ஆசி வழங்குவதை எதிர்க்கும் காஃப்கான் அமைப்பு அன்றே அவரது தேர்வை ஏற்க மறுத்தது. ஆப்பிரிக்கத் திருச்சபைகள் பல அதன் பின்னால் நிற்கின்றன. லண்டனில் துணிவு எனப் போற்றப்படும் சொல், அபுஜாவில் விலகல் எனக் கேட்கக்கூடும்.

இங்கிலாந்தில் ஆயர்களுக்கான ஓய்வு வயது 70. 1962-இல் பிறந்த முல்லாலி அதை 2032 மார்ச்சில் எட்டுவார்.